உதட்டுப்பிளவுள்ள குழந்தை: பிறந்த நாளிலிருந்து அறுவை சிகிச்சை வரை, படிப்படியாக

உதட்டுப்பிளவுள்ள குழந்தையை முதல் தடவையாகக் கவனிக்கப்போகும் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், தன்னார்வலர் ஆகியோருக்கான வழிகாட்டி இது. குழந்தையின் வீட்டாரும் கட்டாயம் படிக்க வேண்டும்.

உதட்டை மூடும் அறுவை சிகிச்சை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய நூறு நாள்தான் பெரிய வேலை. அது பால் ஊட்டும் வேலை, எடை ஏற்றும் வேலை. மதுரைப் பக்கத்தில் இந்த அறுவை சிகிச்சையைச் செலவில்லாமல் செய்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் எடை ஏறாத, ரத்தம் குறைந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். தேதி தள்ளும். இரண்டு தடவை தள்ளினால் வீட்டார் சலித்துப்போய் வருவதையே நிறுத்திவிடுவார்கள். அப்படி நடக்காமல் இருக்க எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

1. கையில் இருக்க வேண்டியவை

வெளிச்சம் நன்றாக விழும் டார்ச், நாக்கை அழுத்திப் பார்க்க ஒரு தட்டைக் குச்சி, இரண்டு பாலாடை (சங்கு என்றும் சொல்வார்கள்), ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணம், 10 கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் எடைக்கருவி, ஒரு நோட்டு.

இரண்டு பாலாடை கேட்பதற்குக் காரணம், ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை அழும். கழுவாத பாலாடையில் ஊட்டி வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு வாரம் ஏறிய எடை இரண்டு நாளில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். பாலாடையின் மூக்குப் பகுதியில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொதிக்கப் போடுங்கள்.

உங்கள் பாலாடை எத்தனை மில்லி பிடிக்கும் என்பதையும் முதலிலேயே சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். ஒன்று 5 மில்லி பிடிக்கும், இன்னொன்று 10 பிடிக்கும். அளக்காமல் “எட்டு சங்கு குடித்தான்” என்று எழுதினால் அந்தக் கணக்கால் பயன் இல்லை.

2. முதல் 24 மணி நேரம்: அண்ணத்தைப் பாருங்கள்

உதட்டுப்பிளவு எல்லோர் கண்ணிலும் படும். அண்ணப்பிளவு, அதாவது வாயின் மேற்கூரையில் உள்ள பிளவு, படாது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு உதட்டோடு பார்வையை நிறுத்திவிடுவது.

குழந்தை அழும்போது நாக்கை மெதுவாக அழுத்தி, டார்ச் அடித்து, மேலண்ணத்தை உள்நாக்கு வரை பாருங்கள். விரலால் தடவிப் பார்ப்பது மட்டும் போதாது. முன்பக்கம் முழுதாக இருந்து, பின்னால் மென்மையான பகுதி மட்டும் பிளந்திருக்கலாம். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால், மேல்தோல் மூடிய பிளவு உள்ளே இருக்கக்கூடும் என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு நன்றாக இருந்து, பால் மட்டும் மூக்கு வழியாக வரும் குழந்தையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஊட்டும் முறையே இதை வைத்துத்தான் மாறுகிறது. உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் நேரடியாகத் தாய்ப்பால் குடிக்கும். மார்பின் சதையாலோ தாயின் கட்டைவிரலாலோ பிளவை அடைத்துப் பிடித்தால் போதும். அண்ணமும் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகாது. பிளந்த இடம் வழியாக மூக்கிலிருந்து காற்று வந்துவிடும். அந்தக் குழந்தை மார்பில் வாய் வைக்கும், சப்பும், களைத்துத் தூங்கும். வயிற்றுக்குள் பால் போயிருக்காது. “குடித்துவிட்டுத் தூங்குகிறான்” என்று வீட்டார் நினைத்துக்கொள்ளும் இந்தத் தூக்கம்தான் முதல் வாரத்தின் பெரிய ஆபத்து.

கூடவே மூன்றைப் பாருங்கள்: தாடை மிகவும் சிறிதாக உள்வாங்கி, மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா; கீழுதட்டில் சிறு குழிகள் உள்ளனவா; இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று மருத்துவர் சொன்னாரா. முதலாவது இருந்தால் காத்திருக்கக் கூடாது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். குழந்தையைக் குப்புறவோ ஒருக்களித்தோ பிடித்தபடி 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

3. வீட்டாரிடம் முதலில் சொல்ல வேண்டியவை

கிரகணத்தன்று தாய் கத்தி எடுத்தாள், காய் நறுக்கினாள் என்ற பேச்சு பிரசவ அறை வாசலிலேயே தொடங்கிவிடும். அதை அங்கேயே நிறுத்துங்கள். கரு உருவான 4 முதல் 7 வாரத்துக்குள் உதடு சேர்ந்துவிட வேண்டும், அது சேராமல் போனதுதான் காரணம். அப்போது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. இதைத் தாயிடம் தனியாகச் சொல்லிப் பயன் இல்லை. மாமியாரும் கணவரும் கூட இருக்கும்போது சொல்லுங்கள். பழி சுமக்கும் தாய்க்குச் சாப்பாடும் தூக்கமும் குறையும், பாலும் குறையும்.

வலிப்பு மாத்திரைகளில் சில இந்தப் பிளவோடு தொடர்புடையவை. தாய் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தானாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும் பிளவு இல்லாமல் ஒரு குழந்தைக்கு மட்டும் இருந்தால், அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 100-க்கு 3 முதல் 5 வரை. “இனிமேல் பிறப்பதெல்லாம் இப்படித்தான்” என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

4. பால் எடுப்பதை முதல் நாளே தொடங்குங்கள்

குழந்தை சப்பினால்தான் பால் ஊறும். அண்ணப்பிளவுள்ள குழந்தையால் அந்த வேலையைச் செய்ய முடியாது, அதனால் தாயின் கை செய்ய வேண்டும். பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே சீம்பாலைக் கையால் எடுத்து ஊட்டுங்கள். பிறகு 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை எடுக்க வேண்டும். அதில் ஒன்று நள்ளிரவுக்குப் பிறகு இருக்கட்டும். இரவில் விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பால் வற்றத் தொடங்கும். வற்றிய பிறகு மீட்பது கடினம்.

எடுக்கும் முறை: கையைக் கழுவுங்கள். கட்டைவிரலைக் கருவளையத்துக்கு மேலேயும் ஆட்காட்டி விரலைக் கீழேயும் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிக்கும், பால் வராது. ஒரு பக்கம் ஓட்டம் குறைந்ததும் மறுபக்கம், மறுபடி முதல் பக்கம்.

எடுத்த பாலை மூடி, நிழலான குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் எடுத்தவுடன் கொடுத்துவிடுவதே நல்லது.

5. பாலாடையில் ஊட்டுவது

பழக்கம் வருவதற்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். தாய், பாட்டி, இன்னொருவர் என்று வீட்டில் மூன்று பேராவது கற்றுக்கொள்ள வேண்டும். செவிலியர் ஒருமுறை செய்துகாட்டிவிட்டுக் கிளம்பினால் போதாது. அவர்கள் ஊட்டுவதை உட்கார்ந்து பாருங்கள்.

குழந்தையை நன்றாக விழிக்க வையுங்கள். இடது முழங்கை மடிப்பில் தலை இருக்கட்டும். தலை நெஞ்சைவிட உயரமாக, பாதி உட்கார்ந்த நிலையில் பிடியுங்கள். படுக்க வைத்து ஊட்டினால் பால் மூக்குக்கும் காதுக்குழலுக்கும் போகும், சில நேரம் மூச்சுக்குழலுக்கும் போகும்.

பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல், பிளவில்லாத பக்கத்து வாயோரத்தில் வையுங்கள். கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சரியுங்கள். ஒரு மில்லிக்கும் குறைவாகப் போனால் போதும். தொண்டை அசைந்து விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்தது. விழுங்குவதற்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு விட இடம் கொடுங்கள். புதியவர்கள் பிளவுக்கு நேராக, நடுவில் ஊற்றுவார்கள். அது நேரே மூக்குக்குத்தான் ஏறும்.

குழந்தையின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே ஊட்டுங்கள். புருவம் உயர்ந்து, கண் அகல விரிந்து, விரல்கள் விறைத்து விரிந்தால் வேகம் அதிகம் என்று பொருள். உடனே நிறுத்தி நிமிர்த்துங்கள். மூக்கில் பால் வந்தால் பதற வேண்டாம். நிறுத்தி, முன்னால் சாய்த்து, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, குழந்தையின் மூச்சு சீரானதும் தொடருங்கள். இருமல் நிற்கவில்லை, உதடு நீலமாகிறது என்றால் அது வேறு விஷயம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தக் குழந்தைகள் பாலோடு நிறையக் காற்றையும் விழுங்கும். ஊட்டும்போது நடுவில் இரண்டு மூன்று முறை, முடிந்ததும் ஒருமுறை தோளில் போட்டு ஏப்பம் எடுங்கள். ஊட்டிய பிறகு 20 நிமிடம் நிமிர்த்தியே வைத்திருங்கள். ஒரு வேளை ஊட்டுவது 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் குடிக்கும் பாலின் சக்தி குடிக்கும் முயற்சியிலேயே செலவாகிவிடும்.

சாதாரண ரப்பர் புட்டியைத் தவிர்த்துவிடுங்கள். உறிஞ்ச முடியாத குழந்தைக்கு அதிலிருந்து பால் வராது. ஓட்டையைப் பெரிதாக்கினால் வெள்ளமாகக் கொட்டும். பிதுக்கி ஊட்டும் சிறப்புப் புட்டிகள் உண்டு, கிடைத்தால் பயன்படுத்தலாம். ஆனால் கொதிக்க வைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் பாலாடைக்கு ஈடில்லை.

6. எடைக் கணக்கு

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். உதட்டு அறுவைக்குப் பழைய, இன்னும் செல்லுபடியாகும் அளவுகோல் ஒன்று உண்டு: வயது 10 வாரம், எடை 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ, ஹீமோகுளோபின் (100 மில்லி ரத்தத்தில்) 10 கிராம். பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் செய்வார்கள்.

பால் அளவு: முதல் நாள் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 60 மில்லியில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரத்தில் 150 மில்லிக்கு வர வேண்டும். 2.8 கிலோ குழந்தைக்கு அது நாளொன்றுக்கு 420 மில்லி. பத்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 42 மில்லி. 10 மில்லி பாலாடையில் நான்குக்குக் கொஞ்சம் மேல். துணியில் சிந்தியது இதில் சேராது.

பிறந்ததும் எடை சற்று இறங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும்.

14-ம் நாள் 2.8 கிலோ இருக்கும் குழந்தை நாளுக்கு 25 கிராம் ஏறினால் 68 நாளில் 4.5 கிலோவைத் தொடும். குழந்தைக்கு அப்போது 82 நாள், மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அதே குழந்தை நாளுக்கு 10 கிராம்தான் ஏறுகிறது என்றால் 170 நாள் ஆகும். ஆறு மாதம் தாண்டிவிடும். இந்தக் கணக்கை வீட்டார் முன்னால் நோட்டில் போட்டுக் காட்டுங்கள். “நல்லா ஊட்டும்மா” என்று பத்து தடவை சொல்வதைவிட இது மனதில் பதியும்.

வாரம் ஒருமுறை, ஒரே கருவியில், துணியில்லாமல், பால் குடிக்கும் முன் எடை பாருங்கள். தொங்கவிட்டு எடை பார்க்கும் முள் தராசு 100 கிராம் கோடுகளைத்தான் காட்டும். வாரத்துக்கு 175 கிராம் ஏறியதா 90 ஏறியதா என்று அதில் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்து டிஜிட்டல் கருவிக்கு வரச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்தில் 100 கிராமுக்குக் கீழே ஏறினால், முதலில் ஒரு முழு நாளின் பாலை மில்லிக் கணக்கில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அளவுதான் குறைந்திருக்கும், அல்லது இரவு ஒரு வேளை விட்டுப்போயிருக்கும். வேளைகளைக் கூட்டுங்கள். அடுத்த வாரமும் அப்படியே என்றால் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். சர்க்கரை கலப்பது, மாட்டுப்பாலில் தண்ணீர் ஊற்றுவது, ஆறு மாதத்துக்கு முன்பே கூழ் கரைத்து ஊற்றுவது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். பால்பவுடர் தேவையென்று மருத்துவர் சொன்னால், டப்பாவில் போட்டிருக்கும் அளவிலேயே கரைக்க வேண்டும். டப்பா பத்து நாள் கூடுதலாக வரட்டும் என்று நீர்க்கக் கரைப்பது அடிக்கடி நடக்கிறது.

7. நிறுத்தி வைக்க வேண்டிய வழக்கங்கள்

சேனை வைப்பது, உரை மருந்து புகட்டுவது, கழுதைப்பால் ஊற்றுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது. பிளவில்லாத குழந்தைக்கே இவை வேண்டாம். பிளந்த அண்ணமுள்ள குழந்தைக்கு வாயும் மூக்கும் ஒரே அறை. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது.

மூக்கில் பால் வருவதைப் பார்த்துத் தொக்கம் எடுக்கத் தூக்கிப்போவார்கள். குளிப்பாட்ட வரும் பாட்டியிடமும் அண்ணத்தை டார்ச் அடித்துக் காட்டிவிட்டால் நம்பிவிடுவார். பெரியவர்களைக் குறைசொல்லிப் பேசாதீர்கள். பாலாடை பிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் கைப்பக்குவம் நமக்குத் தேவை.

நிமிடத்துக்கு 60 தடவையோ (இரண்டு மாதம் முடிந்த குழந்தை என்றால் 50 தடவையோ) அதற்கு மேலோ மூச்சு விடுவது, நெஞ்சு உள்வாங்குவது, காய்ச்சல், இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காதது: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

8. பதிவும் இரண்டு முகவரியும்

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்து சான்றிதழ் வாங்குங்கள். உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் வரும் பிறவிக் குறைபாடுகள். அந்தக் குழுவின் மருத்துவரிடம் பெயர் ஏறினால், அந்தத் திட்டத்தின் மாவட்ட மையத்துக்கும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் பரிந்துரைச் சீட்டு கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, பெற்றோரின் ஆதார் ஆகியவற்றின் நகலை ஒரே உறையில் போட்டு வையுங்கள். பிளவு அறுவைக்கு உதவும் ஸ்மைல் ட்ரெயின் தொண்டு அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் செய்கிறார்கள். எங்கே போனாலும் “மயக்க மருந்து நிபுணர், பேச்சுப் பயிற்சி, பல் மருத்துவம் எல்லாம் இங்கே உண்டா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் தொடர்பிலிருந்து விட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையும் புகுந்த வீட்டுக்குப் போவார்கள். அறுவைக்கு நாள் குறிக்கும் நேரமும் அதேதான். உசிலம்பட்டிப் பக்கத்துச் செவிலியரின் நோட்டில் பெயர் இருக்கும், குழந்தை மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும். ஆகவே முதல் நாளே இரண்டு முகவரி, மூன்று போன் நம்பர், இரண்டு ஊர்ச் செவிலியர்களின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். தாயின் போன் பல வீடுகளில் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும். தாய்மாமன் நம்பர்தான் பெரும்பாலும் எடுக்கும்.

மூக்கையும் ஈறையும் சீராக்க அச்சுத்தகடு வைக்கும் சிகிச்சை பற்றி மருத்துவர் சொல்லலாம். முதல் மாதத்திலேயே தொடங்கி, ஏறக்குறைய வாராவாரம் வர வேண்டும். பேரையூரிலிருந்து வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியுமா என்று வீட்டாரோடு உட்கார்ந்து யோசித்து முடிவெடுங்கள். தகடு வைக்காமலும் உதட்டு அறுவை செய்யலாம்.

9. அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம்

ஹீமோகுளோபினை முன்கூட்டியே பாருங்கள். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு ரத்த அளவு இயல்பாகவே கீழே இறங்கியிருக்கும். இரும்புச் சொட்டு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அட்மிஷன் நாளன்று 8.5 என்று தெரிந்தால் பேருந்துக் காசும் கூலியும்தான் நட்டம்.

14-வது வாரத் தடுப்பூசியும் அறுவைத் தேதியும் மோதும். தடுப்பூசியைத் தள்ள வேண்டாம். தேதி குறிக்கும்போதே சொல்லி, ஒரு வாரம் இடைவெளி கேளுங்கள். சளி பிடித்தால் மறைக்காதீர்கள். நெஞ்சு தெளிந்த பிறகு 2 முதல் 4 வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் கல்யாண வீடு, திருவிழாக் கூட்டம் வேண்டாம்.

பட்டினி நேரம்: தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், பவுடர் பால், மாட்டுப்பால் என்றால் 6 மணி நேரம். காலை 8 மணிக்கு அறுவை என்றால் 4 மணிக்குக் கடைசித் தாய்ப்பால். இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. முந்தின இரவு 8 மணியிலிருந்தே பட்டினி போட்டு, குழந்தை சோர்ந்து சர்க்கரை இறங்கிப்போகும். அல்லது காலை 6 மணிக்கு அழுகை தாங்காமல் யாராவது ஒரு சங்கு ஊற்றிவிடுவார்கள். அப்படி ஊற்றியிருந்தால் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.

கண்மை, திருஷ்டிப் பொட்டு, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். முகத்தின் நிறத்தையும் பார்த்துத்தான் பிராணவாயு போவதைக் கணிப்பார்கள், உலோகம் மின்கருவியால் சுடும்.

10. அறுவைக்குப் பிறகு

முதல் நாள் எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வரலாம். தொடர்ந்து சொட்டினால் உடனே சொல்லுங்கள். ஊட்டுவது பழையபடி பாலாடைதான், பாலாடை தையலில் படாமல்.

ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியைத் தையல் மேல் உருட்டியெடுங்கள். தேய்க்க வேண்டாம். பால் காய்ந்து பொருக்காகிவிட்டால் அடியில் சீழ் பிடிக்கும், தையல் பிரியும். பிறகு மருத்துவர் கொடுத்த களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் எதுவும் காயத்தில் வேண்டாம். முழங்கையை மடக்காமலிருக்க அட்டைக்கட்டு போட்டிருந்தால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கையை மட்டும் அவிழ்த்து நீட்டி மடக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். தானாகக் கரையாத தையலாக இருந்தால் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள்.

ஒரு மாதத்தில் தழும்பு சிவந்து, தடித்து, உதட்டை மேலே இழுப்பதுபோல் இருக்கும். “ஆபரேஷன் சரியில்லை” என்று வீட்டார் நினைப்பது இப்போதுதான். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மெல்ல இளகும், முழுதாக அடங்க ஒரு வருடம் ஆகலாம். இதை டிஸ்சார்ஜ் நாளிலேயே சொல்லிவிடுங்கள். காயம் நன்றாக ஆறிய 3, 4 வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் காட்டியபடி விரலால் அழுத்தி நீவ வேண்டும்.

11. அண்ணமும் பேச்சும்

முகம் சரியானதும் பல வீடுகளில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அண்ணப்பிளவை 9 முதல் 18 மாதத்துக்குள், பேச்சு நிலைபெறும் முன் மூட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அந்த மாதத்தை எழுதி வாங்குங்கள். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது இந்தக் குழந்தைகளுக்குச் சாதாரணம், அதனால் காது கேட்கும் சோதனையையும் விடக் கூடாது. ஈறும் பிளந்திருந்தால் அங்கே எலும்பு வைக்கும் சிகிச்சை 8 முதல் 11 வயதில் வரும்.

‘ப’ சொல்ல வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கில் போய் ‘ப’ என்பது ‘ம’ ஆகிவிடும். குழந்தை “அப்பா” என்று கூப்பிடும், காதில் “அம்மா” என்று விழும். ‘ட’ என்பது ‘ண’ போல வரும். கேட்பவர் சிரித்தால் குழந்தை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

அண்ணம் மூடிய பிறகு வீட்டிலேயே சோதிக்கலாம். சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடித்து “பாப்பா, பாப்பா” என்று சொல்ல வையுங்கள். “மாமா” என்றால் பனி படியும், அது இயல்பு. “பாப்பா” என்னும்போதும் படிந்தால் காற்று கசிகிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அந்த மாதமே காட்டுங்கள், பள்ளியில் சேர்க்கும் வரை காத்திருக்க வேண்டாம்.